மாமா பார்க்காத முகம்

ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த ரொட்டியைப் பாதி வழியிலேயே தின்று தீர்த்துவிட்டேன். மீதி வழி முழுக்க, இன்னும் நாலு சேர்த்து வைத்திருக்கக் கூடாதா என்று உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாமா ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?

என் அறை நான் விட்டுப் போனபடியே இருக்கிறது. கீழ்க்கடையில் மெத்தை தைக்கிறவரின் பஞ்சு படியேறி வந்து என் மைப்புட்டிக்குள் குடியிருக்கிறது. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒருமுறை நிப்பைத் துடைக்க வேண்டும். இரண்டு வாரம் உன் வீட்டில் உட்கார்ந்து தின்ற உடம்பு அதற்கே சலித்துக்கொள்கிறது.

வந்த மறுநாளே புத்தகக் கண்காட்சிக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன். ‘பல் பிடுங்கிப் பூதம்’ ஏழாம் இதழ். ஒரு பெரியவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நின்றபடியே படித்தார். மூன்று இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். “நல்லா இருக்கு தம்பி, விட்டுடாதீங்க” என்று தோளில் தட்டிவிட்டு, புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். விடாமல் இருக்க வழி என்ன என்று மட்டும் சொல்லவில்லை. கதை எழுதுவது நான், வரைவது நான், அச்சகத்தில் பேச்சு வாங்குவது நான், மூட்டை தூக்குவது நான், விற்காததைத் திரும்பத் தூக்குவதும் நான். ஒரு காமிக்ஸ் கம்பெனிக்கு எத்தனை ஆள் வேண்டுமோ அத்தனை ஆளும் ஒரே சட்டைக்குள் இருக்கிறோம்.

பள்ளிக்கூடச் சுவர்ப்படம் அச்சடிக்கிறவர் ஜீரண மண்டலம் கேட்டிருக்கிறார். என் வயிற்றுக்காக ஊரார் வயிற்றை வரைகிறேன். நீ கவலைப்படாதே.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
கிறுக்கன்


பிப்ரவரி 6

அன்புள்ள கிறுக்கனுக்கு,

முழங்காலும் இருக்கிறது, நானும் இருக்கிறேன். ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு போகிறோம். நீ இளைத்துப் போய் வந்தாய், கொஞ்சம் தேறிப் போனாய். அதை அங்கே கரைத்துவிடாதே.

சுவரெல்லாம் கிறுக்கினாய் என்று அப்பா வைத்த பெயர். நீ இந்தத் தொழிலுக்கு வந்ததும் அதன் இன்னொரு அர்த்தமும் பொருந்திவிட்டது. அந்தப் பெரியவரைப் பற்றிப் படித்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் சிரித்ததற்காக வருத்தப்பட்டேன்.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறாய் என்று புறப்படும்போது கேட்டாயே. இந்த வீட்டில் ஒரு அறையில் தும்மினால் மறு அறையில் மூக்கைத் துடைக்க வேண்டும். உன் மாமாவைப் பற்றி அவர் காதுபட எப்படிப் பேசுவது? எனக்கு இதையெல்லாம் சொல்ல உன்னை விட்டால் ஆள் இல்லை.

போன மழைக்காலத்தில் அந்தப் பெண் அவர் ஓட்டிய ரயிலுக்கு முன்னால் வந்து நின்றாள். அன்றோடு அவர் எஞ்சினை விட்டு இறங்கியதுதான். “உங்க மேல ஒரு தப்பும் இல்ல” என்று விசாரணைக்கு வந்தவர் கையைப் பிடித்துச் சொன்னார். டாக்டர் விடுப்பை நீட்டிக்கொண்டே போகிறார். இவர் தினமும் காலையில் டூட்டிக்குப் போகிற ஆள் மாதிரி சவரம் செய்து, சீருடைச் சட்டை போட்டு, வலது கையை மட்டும் முழங்கை வரை மடித்துவிட்டு, சமையலறை நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அங்கேயே பொழுது சாய்கிறது. நடந்தது என்ன என்று கேட்டால், “பிரேக் போட்டேன். வண்டி நிக்கல.” நாலே சொல். அதற்கு மேல் நானும் கேட்பதில்லை.

நீ இருந்தபோது ஒரு மத்தியானம், துணி காயப்போடுகிற மாடியில் நீங்கள் இருவரும் ஆரஞ்சுப் பழத்தோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தீர்கள். இறங்கி வந்தபோது அவர் முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஏதாவது சொன்னாரா?

எங்கள் பல் ஆஸ்பத்திரியில் போன வாரம் ஒரு கூத்து. ஒருவர் இன்னொருவரின் பல்செட்டை மாற்றிப் போட்டுக்கொண்டு போய், ஒரு வாரம் கழித்து வந்து, “இப்பதாங்க சரியா கடிக்குது” என்று நன்றி சொன்னார். பூதத்துக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள். உன் பூதத்துக்கு ஆரம்பத்திலிருந்தே தீனி போடுகிறவள் நான்தானே.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இருமல் கொஞ்சம் இருக்கிறது, பஞ்சுதான் காரணம், பயப்பட ஒன்றுமில்லை. நீ படியேறுவதைக் குறைத்துக்கொள்.

மாடியில் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. எஞ்சினைப் பற்றித்தான். அவ்வளவு பாரத்தை நிறுத்த எவ்வளவு தூரம் வேண்டும் என்று ஆரஞ்சுத் தோலைத் தரையில் வரிசையாக வைத்து விளக்கினார். கேட்கச் சுவாரசியமாக இருந்தது.

பல்செட் கதை பிரமாதம். ஆனால் பூதத்தை நிறுத்திவிட்டேன் அக்கா. ஏழு இதழ் போதும். பூதத்துக்கும் பல் போய்விட்டது. வேறொரு கதை பிடித்திருக்கிறது. அது என்னை உட்காரவும் விடவில்லை, எழுந்திருக்கவும் விடவில்லை. இத்தனை வருஷத்தில் என் கை இப்படி ஓடி நான் பார்த்ததில்லை. பென்சிலை வைத்தால் பக்கம் தானாக வருகிறது. சிரிப்புக் கதை இல்லை. முடித்த பிறகு சொல்கிறேன்.

மாமா சீருடையில் இருக்கிற படம் ஒன்று உன் அலமாரியில் இருந்ததே, எஞ்சின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு. அதை அனுப்ப முடியுமா? என்னிடம் உங்கள் படம் ஒன்றுகூட இல்லை.

கிறுக்கன்


மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

இருமலுக்கு வெந்நீர் குடி. ஜன்னலில் ஈரத்துணி கட்டு. பஞ்சு உள்ளே வராது.

படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ கேட்டதைச் சொன்னதும் உன் மாமா தானே எழுந்துபோய் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். “என் படம் அவனுக்கு எதுக்காம்?” என்றார். “பாசம்தான், வேற என்ன” என்றேன். முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. நான் அதைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று தெரியுமா?

இன்னொரு நல்ல செய்தி. டாக்டர் மெடிக்கல் போர்டுக்கு எழுதிவிட்டார். செப்டம்பரில் கூப்பிடுவார்கள். தேறிவிட்டார் என்று போர்டு சொன்னால் முதலில் சரக்கு வண்டி கொடுப்பார்களாம், பிறகு பழையபடி. இப்போதெல்லாம் சாயங்காலம் தண்டவாளத்து வேலி வரை நடந்து போய், வண்டி போவதைப் பார்த்துவிட்டு வருகிறார். நானும் கூடப் போகிறேன். வண்டி வரும்போது என் கையைப் பிடித்துக்கொள்கிறார். நான் கவனிக்காத மாதிரி வேறு எதையாவது பேசிக்கொண்டிருப்பேன்.

நீ வந்துவிட்டுப் போனதிலிருந்துதான் இந்த மாற்றம். என்ன பேசினாயோ, நன்றாக இரு.

அக்கா


ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத இவ்வளவு தாமதமானதற்குக் கோபிக்காதே. உடம்புக்கு ஒன்றுமில்லை. கைதான் ஓயவில்லை.

புத்தகம் வந்துவிட்டது. ‘நிற்கும் தூரம்’ என்று பெயர். எண்பது பக்கம், கறுப்பு வெள்ளை. பழைய அச்சகத்தில்தான் அடித்தேன். அச்சகக்காரர் வழக்கம்போலத் திட்டவில்லை. முதல் பிரதியை மெஷின் மேல் வைத்தே படித்து முடித்துவிட்டு, “இத நீதான் பண்ணியா?” என்றார். கண்காட்சியில் முதல்நாள் மத்தியானத்துக்குள் மூட்டை காலி. அக்கா, வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்து வந்தேன். வெறுங்கையோடு நடப்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது தெரியுமா? ஒரு பத்திரிகையில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறார்கள். பெரிய பதிப்பகம் ஒன்றிலிருந்து ஆள் வந்து, என் அறையில் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போனார். சுவர்ப்படக்காரர் ஜீரண மண்டலத்துக்கு அனுப்பிய ஆளிடம், “இப்ப நேரமில்ல” என்று சொன்னேன். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சிரித்தேன்.

உனக்கு அனுப்ப இப்போது கைவசம் பிரதி இல்லை. பிறகு பார்ப்போம்.

மாமாவுக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கியிருக்கிறேன். சாயங்கால நடைக்கு ஆகும். அளவு சரியாக இருக்கிறதா என்று எழுது.

கிறுக்கன்


ஜூன் 29

தம்பிக்கு,

ஷூ அளவு சரியாக இருக்கிறது.

உன் புத்தகம் அச்சாகித் தீர்ந்துவிட்டது என்று எங்கள் ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பல் டாக்டர் ஊருக்குப் போனவர் கடை கடையாகத் தேடி ஒரு பிரதி வாங்கி வந்து, “உங்க தம்பியோடது, நீங்கதான் முதல்ல படிக்கணும்” என்று கொடுத்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பல் அச்சுகள் அடுக்கி வைத்திருக்கிற அறையில் போய் உட்கார்ந்தேன். சுற்றிலும் வெள்ளை வெள்ளையாய்ப் பிளாஸ்டர் தாடைகள். நடுவில் நான்.

அட்டையைத் திருப்பியதும் தெரிந்துவிட்டது. வலது கையை மட்டும் மடித்துவிட்ட சட்டை. எஞ்சின் படியில் ஒரு கால். நான் அனுப்பிய படம்.

அந்தப் பெண் குடையை மடக்கி, யாரோ வந்து எடுத்துக்கொள்வார்கள் என்பது மாதிரி ஓரமாகச் சாய்த்து வைத்தாள் என்பது எனக்குத் தெரியாது. அவர் ஹாரனை அழுத்தியபடியே “போயிடும்மா, போயிடும்மா” என்று கத்தினார் என்பது தெரியாது. கடைசி நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டார் என்பதும், வண்டி நின்ற பிறகும் திறக்கவில்லை என்பதும் தெரியாது. “அவள கடைசியா பாக்க அங்க இருந்த ஒரே மனுஷன் நான்தான். பாத்திருக்கணும். மூடிட்டேன்” என்று உன்னிடம் அழுதிருக்கிறார். அதுவும் எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் கட்டம் கட்டமாகப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

கூட வாழ்கிற எனக்கு நாலு சொல். உனக்கு ஒரு மத்தியானம். ஊருக்கு எண்பது பக்கம்.

நன்றாக வரைந்திருக்கிறாய். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது. சாதாரணமாக வரைந்திருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருப்பேன்.

அவருக்கு இன்னும் தெரியாது. புத்தகத்தைத் துணிப்பைக்குள் போட்டு ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்கிறேன். செப்டம்பரில் போர்டு. நீ எனக்காக ஒன்று செய். இதை மறுபடி அச்சடிக்காதே. விற்றது விற்றதாக இருக்கட்டும். இதோடு நிறுத்து. என்னிடம் எத்தனையோ கதை வாங்கியிருக்கிறாய். பதிலுக்கு நான் எதையும் கேட்டதில்லை, இதைத் தவிர.

அக்கா


ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதினேன், கிழித்தேன். பல தடவை. நீயும் மாமாவும் சுகமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எந்த வரியும் நிற்கவில்லை.

புத்தகத்தில் எங்கேயும் பெயர் இல்லை. ஊர் இல்லை. எந்த ரயில் என்றுகூட இல்லை. படிக்கிறவர்களுக்கு அவர் யாரோ ஒரு டிரைவர். அந்த டிரைவருக்காக அழுகிறார்கள் அக்கா. போன வாரம் ஒரு அம்மாள் கையெழுத்து வாங்க வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மாமாவை யாரும் தப்பாக நினைக்கவில்லை.

இத்தனை வருஷம் நான் எதை வரைந்தாலும் நின்று படித்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள். முதல்முறையாகக் கையோடு எடுத்துக்கொண்டு போகிறார்கள். வீட்டுக்காரர் படியில் என்னைப் பார்த்தால் இப்போது வணக்கம் சொல்கிறார். இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? சொல்லவும் கூசுகிறது.

பதிப்பகத்தில் பேசுகிறேன்.

இங்கே மழை பிடித்துவிட்டது. அங்கே எப்படி? முழங்காலைக் கவனித்துக்கொள்.

கிறுக்கன்


செப்டம்பர் 19

தம்பிக்கு,

பதிப்பகத்தில் பேசுவதாக எழுதினாய். பேசவில்லை. பேசியிருந்தால் இரண்டாம் பதிப்பு, பளபளப்பு அட்டையோடு, எங்கள் ரயில் நிலையத்துப் புத்தகக் கடைக்கு வந்திருக்காது.

பெயர் இல்லை என்றாய். எஞ்சின் ஓட்டுகிறவர்களுக்குப் பெயர் எதற்கு? அந்த வளைவு எது, அந்தக் கம்பம் எது, அந்த மழைநாளில் டூட்டி யாருக்கு என்பது அத்தனை பேருக்கும் தெரியும். டிரைவர்கள் ஓய்வறையில் ஒரு பிரதி கைமாறிக் கைமாறிப் போயிருக்கிறது. யாரோ ஒருத்தன் விளையாட்டாக அவருக்கு ‘கண்மூடி’ என்று பெயர் வைத்துவிட்டான். இவர் சம்பளப் பிரிவுக்குப் போயிருக்கிறார். முதுகுக்குப் பின்னால் கேட்டிருக்கிறது. திரும்பிப் பார்த்திருக்கிறார். அவரோடு பல வருஷம் வண்டி ஓட்டிய ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு, “உங்க மாப்பிள்ளை புத்தகம் போட்டிருக்கானாமே” என்றிருக்கிறார்.

கடையில் வாங்கி, நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து படித்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். மேஜைமேல் வைத்தார். “உனக்கு முன்னாடியே தெரியுமா?” என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன். என் கையால் படத்தை அனுப்பி வைத்தேனே, அதை எப்படிச் சொல்வது?

அதற்கு அடுத்த வாரம் போர்டு. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்ததை அவர்தான் சொன்னார். அவர்களும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். “புத்தகத்துல இருக்கறது கற்பனைதானே? நீங்க கண்ண மூடலதானே?” என்று பெரிய டாக்டர் நல்லவிதமாகத்தான் கேட்டிருக்கிறார். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்கிற மாதிரி. இவர், “மூடினேங்க” என்றிருக்கிறார். “திரும்பவும் அப்படி ஒண்ணு வந்தா?” “தெரியலங்க.”

இனி எஞ்சின் இல்லை. சாமான் கிடங்கில் விளக்குகளுக்குக் கணக்கு வைக்கிற வேலை.

உன்மேல் கோபமா என்று கேட்டேன். “அவன்கிட்ட சொன்னது அங்கயே முடிஞ்சுடும்னு நெனச்சேன்” என்றார். அவ்வளவுதான்.

இனி எழுதாதே. உன் எழுத்தைப் பார்த்தாலே அந்தக் கட்டங்கள்தான் கண்முன் வருகின்றன.

அக்கா


அக்டோபர் 7

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். இந்த ஒரு தடவை மட்டும்.

நீ சொன்னது சரி. நான் பதிப்பகத்தாரிடம் பேசவே இல்லை. உனக்குக் கடிதம் போட்ட அன்றைக்கே இரண்டாம் பதிப்பின் அட்டைக்கு மை போட்டுக்கொண்டிருந்தேன். போன வாரம் நேரில் போய் மூன்றாம் பதிப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். “பைத்தியமா உங்களுக்கு? இதுக்கப்புறம் உங்கள யாரு போடுவாங்க?” என்று கேட்டார்கள். எழுந்து வந்துவிட்டேன். கடைகளில் இருப்பதைத் திரும்ப எடுக்க என்னால் முடியாது. அது என் கையை விட்டுப் போய்விட்டது.

சுவர்ப்படக்காரரிடமே திரும்பப் போயிருக்கிறேன். காது, மூக்கு, தொண்டை கொடுத்திருக்கிறார்.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதில் வேண்டாம்.

கிறுக்கன்


நவம்பர் 14

மாப்பிள்ளைக்கு,

நலம். உன் அக்காவும் நலம். இதை எழுதுவது அவளுக்குத் தெரியாது. விலாசத்தை உன் பழைய உறையிலிருந்து எடுத்தேன். எனக்கு ரிப்போர்ட் எழுதித்தான் பழக்கம், கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன்னைத் திட்டுவதற்காக எழுதவில்லை. நான் சொன்னதைச் சொன்னபடி வரைந்திருக்கிறாய். குடை சரி. வளைவு சரி. பிரேக் பிடியை ஒரு பக்கத்தில் இடதும் வலதுமாக மாற்றிப் போட்டிருக்கிறாய், அது பெரிய தப்பில்லை.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். நான் கண்ணை மூடிக்கொண்ட பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், பக்கம் முழுக்க ஒரு முகம் போட்டிருக்கிறாய். அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்க்கிற மாதிரி. நான் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லையே மாப்பிள்ளை. குடைக்கு அடியில் இருந்தபோதும் தெரியவில்லை, மடக்கிய பிறகும் தலையைக் குனிந்திருந்தாள். அதற்கப்புறம் நான் மூடிக்கொண்டேன். அவள் படம் பேப்பரிலும் வரவில்லை. இத்தனை நாள் எனக்கு அவள் முகமில்லாதவளாகத்தான் இருந்தாள்.

உன் புத்தகத்தைப் படித்ததிலிருந்து அவளுக்கு முகம் வந்துவிட்டது. கிடங்கில் விளக்கைத் துடைத்தால் கண்ணாடியில் அந்த முகம். சாப்பிட உட்கார்ந்தால் எதிர் நாற்காலியில் அந்த முகம். உதட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தழும்பு போட்டிருக்கிறாய், அதுவரைக்கும் தெரிகிறது.

நீ அவளை எங்கேயாவது தேடிக் கண்டுபிடித்தாயா? அது அவள்தானா? இல்லை, அது யார்? தெரிந்தால் எழுது. எனக்கு அது தெரிய வேண்டும்.

மாமா


நவம்பர் 18

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் இன்று காலையில் வந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கும் தகுதி எனக்கில்லை. அதனால் நேராகச் சொல்கிறேன்.

அது அவள் இல்லை. அவளை நான் தேடவில்லை. தேட வேண்டும் என்று தோன்றவே இல்லை. அந்தப் பக்கத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. எனக்கு மனத்திலிருந்து முகம் வராது, கண்ணெதிரே ஆள் இருந்தால்தான் வரும். ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

எதிர்ச்சாரியில் சாவி போடுகிற கடை ஒன்று இருக்கிறது. ஒரு அம்மாள் தனியாக நடத்துகிறார். நாள் முழுக்கக் குனிந்து அரத்தால் தேய்த்துக்கொண்டே இருப்பார். யாரும் வராத நேரத்தில், ஏதோ சத்தம் கேட்ட மாதிரி சட்டென்று நிமிர்ந்து தெருவைப் பார்ப்பார். அந்தப் பார்வையை எடுத்துக்கொண்டேன். உதட்டுத் தழும்பு அவருடையதுதான். அவரிடமும் நான் கேட்கவில்லை. அந்தப் படம் தன்னுடையது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

அவர் நன்றாக இருக்கிறார் மாமா. இதை எழுதும் இந்த நேரத்தில் ஒரு பூட்டைத் திறக்க முடியாமல் அதைத் திட்டிக்கொண்டிருக்கிறார். இங்கே வரை கேட்கிறது.

கற்பனை முகம் என்று எழுதிவிடலாமா என்று முதலில் நினைத்தேன். உங்களிடம் இன்னொரு பொய் வேண்டாம்.

என்னால் அந்தப் பக்கத்தை உங்கள் கண்ணிலிருந்து அழிக்க முடியாது. எதையாவது செய்யச் சொல்லுங்கள், செய்கிறேன்.

மாப்பிள்ளை


ஜனவரி 9

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீயும் இருப்பாய் என்று நினைக்கிறேன்.

போன வியாழக்கிழமை உன் மாமா காலையில் கிடங்குக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, வண்டி ஏறி உன் ஊருக்கு வந்திருக்கிறார். பயணியாக, ஜன்னலோரம் உட்கார்ந்து. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர் ரயிலில் ஏறியது அதுதான் முதல்முறை. சாயங்காலம் திரும்பி வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்து எனக்குச் சொன்னார். நீங்கள் இருவரும் எழுதிக்கொண்டதும் அப்போதுதான் எனக்குத் தெரியும்.

அந்தச் சாவிக்கடையைக் கண்டுபிடித்துவிட்டு எதிர்ப்பக்கமே நின்றிருந்தாராம். அப்புறம் போய் எங்கள் வீட்டுச் சாவியை நீட்டி, இன்னொன்று வேண்டும் என்றிருக்கிறார். அந்த அம்மாள் வாங்கிப் பார்த்து, “எத்தன வருஷத்துச் சாவிங்க இது? பல்லெல்லாம் தேஞ்சு போச்சே” என்றாராம். இவர் அந்த அம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். இந்தத் தடவை கண்ணை எடுக்கவில்லையாம். அந்த அம்மாள் நிமிர்ந்து, “என்னங்க, உடம்பு சரியில்லயா? இப்படி உக்காருங்க” என்று முக்காலியைத் தள்ளிப் போட்டு, தன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்திருக்கிறார். இவர் அங்கே உட்கார்ந்து அழுதிருக்கிறார். எதற்கு என்று அந்த அம்மாள் கேட்கவில்லையாம். சாவியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாராம்.

இதைச் சொல்லி முடித்ததும், மூச்சை இழுத்துக்கொண்டு, அன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து சொன்னார். மழை, வளைவு, குடை, எல்லாம். என்னிடம். எனக்கு எல்லாமே தெரியும், எந்தக் கட்டத்தில் எது என்பது வரை. ஆனாலும் தெரியாதவள் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன். உன் புத்தகத்தில் இல்லாத ஒன்றையும் சொன்னார். அதை நான் உனக்கு எழுத மாட்டேன்.

அந்த முகம் போய்விட்டதா என்று கேட்டேன். போகவில்லையாம். ஆனால் இப்போது அது சில சமயம் டீ ஊற்றுகிறதாம்.

எஞ்சின் போனது போனதுதான். கிடங்கில் பையன்கள் இன்னும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், இவரும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். உன்னை மன்னித்துவிட்டேனா என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதைக்கு இங்கே வராதே. எப்போது என்று நானே எழுதுகிறேன்.

கடையிலிருந்து கிளம்பும்போது எதிரே உன் மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாராம். நீ குனிந்து ஏதோ வரைந்துகொண்டிருந்தாயாம். “அவ்வளவு தூரம் போனீங்களே, மேல ஏறி ஒரு வார்த்த பேசிட்டு வந்திருக்கலாமே” என்றேன்.

“போலாம்னுதான் படி வரைக்கும் போனேன்” என்றார். “என்ன வரஞ்சுகிட்டு இருக்கானோன்னு பயமா இருந்துச்சு.”

இருமல் இருந்தால் டாக்டரிடம் காட்டு.

அக்கா